ஒரு நாள் கடலோரம்: காரங்காட்டிலிருந்து அரிச்சல்முனை வரை

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தை மாதக் கடைசியில் நம் கூட்டமைப்பின் மூன்று குழுக்களிலிருந்து 24 பேர் ஒரு வேன் பிடித்து, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்தோம். அதைப் பற்றிப் பேசச் சொல்லித் தலைவி கேட்டிருக்கிறார். பேச வேண்டிய அவசியமும் இருக்கிறது. வந்த மறு வாரமே "குழுப் பணத்துல ஊர் சுத்திட்டு வந்துட்டாளுக" என்று இரண்டு மூன்று ஊர்களில் பேச்சு கிளம்பிவிட்டது. இன்றைக்கு மதியம், இந்தப் பயணச் சேமிப்பை எல்லாக் குழுக்களுக்கும் கொண்டுபோவதா, இதோடு நிறுத்திவிடுவதா என்று தீர்மானம் எடுக்கப் போகிறோம். அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

குழுச் சேமிப்பையோ, உள்கடன் தொகையையோ ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை. வாரம் 10 ரூபாய் தனியாகப் போட்டோம். வருஷத்துக்கு 52 வாரம், ஆளுக்கு 520 ரூபாய். 24 பேருக்கு 12,480 ரூபாய். இதற்கென்று தனி நோட்டு. வேன், படகு, டீ எல்லாம் இதிலிருந்துதான். கடைசியில் கொஞ்சம் துண்டு விழுந்ததை எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். காலையும் மதியமும் சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனது. பணம் போட்டுவிட்டு வர முடியாமல் போனவர்களுக்கு அவரவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியாச்சு. நோட்டு மேஜையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள்.

இந்த யோசனை வந்ததே ஒரு வாரக் கூட்டத்தில்தான். "கடலைப் பார்க்காதவங்க யாரு?" என்று சும்மா கேட்டோம். நம் ஊரிலிருந்து கடல் ஒன்றும் தூர தேசத்தில் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். அப்படியும் அந்தக் கூட்டத்தில் ஒன்பது பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருவர் பேரன் எடுத்தவர். சரி, பார்த்தவர்கள் எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால், பாதிப் பேர் ராமேஸ்வரத்துக்கு அஸ்தி கரைக்கப் போனபோது பார்த்திருக்கிறார்கள். மாமனார் அஸ்தி, புருஷன் அஸ்தி. அழுத கண்ணோடு பார்த்த கடல். "அன்னிக்குக் கடல் என்ன நிறத்துல இருந்துச்சுன்னு கேட்டாகூடச் சொல்லத் தெரியாது" என்றார் ஒரு அக்கா. அதற்குப் பிறகுதான் நோட்டுப் போட்டோம்.

எங்கே போவது என்பதில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. ராமேஸ்வரம் வரை போய்விட்டு கோயிலுக்குப் போகாமல் வருவதா? 22 தீர்த்தத்தில் குளித்து, சாமி கும்பிட்டு வெளியே வரவே அரை நாள் ஆகிவிடும். அப்புறம் கடலோரத்தில் எதையும் பார்க்க முடியாது. குழுவில் எல்லா மதத்தவரும் இருக்கிறோம். கடைசியில், இது கடலும் காடும் பார்க்கிற பயணம், கோயிலுக்கு அவரவர் குடும்பத்தோடு போய்க்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அப்படியும் வேன் ராமேஸ்வரத்துக்குள் போனபோது கோபுரத்தைப் பார்த்ததும் பாதி வேன் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அது அவர்கள் விருப்பம், அதற்குத் தீர்மானம் எதுவும் கிடையாது.

விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். முதலில் நின்ற இடம் காரங்காடு. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உள்ளே தள்ளி இருக்கிற மீனவர் ஊர். அங்கே அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். படகில் ஏறும் முன்னால் எல்லோரும் மிதவைச் சட்டை போட்டே ஆகவேண்டும். சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொள்ள முதலில் ஒரே வெட்கம். போட்டு முடித்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த நாரைகள் எல்லாம் பறந்துபோயின.

படகு ஓடை மாதிரி ஒரு வழியில் உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் மரம். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டுவைத்த மாதிரி வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வேர் கீழேதானே போகும், இது ஏன் மேலே வருகிறது என்று கேட்டோம். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் இந்த மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது என்று படகுக்காரர் சொன்னார். ஒரு இலையைப் பறித்து நாக்கில் வைக்கச் சொன்னார். உப்புக் கரித்தது. கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிற மரம் அது. மீன் குஞ்சும் இறாலும் நண்டும் சின்ன வயசில் ஒளிந்து வளர்கிற இடம் இந்த வேர்களுக்கு நடுவில்தான். காட்டை வெட்டினால் வலையில் மீன் குறையும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் காட்டின் அருமை தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அலையின் வேகத்தை மரக்கூட்டம் குறைக்கும் என்று பிச்சாவரம் பக்கத்து ஊர்க்காரர்கள் அப்போதே சொன்னார்கள்.

கரைக்கு வந்தால் ஊர்ப் பெண்கள் சுடச்சுட நண்டு சூப் வைத்திருந்தார்கள். சைவம் சாப்பிடுகிற இரண்டு பேர் தவிர எல்லோரும் குடித்தோம். ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பெண்கள் பயணம் போனால் முதல் கேள்வி கழிப்பறை. எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு, அதை வைத்துத்தான் எங்கெங்கே நிற்பது என்று முடிவு செய்தோம். தண்ணீரே குடிக்காமல் நாளெல்லாம் அடக்கிக்கொண்டு வருகிற பயணம் உடம்புக்குக் கேடு. அடுத்து போகிறவர்களும் இப்படியே செய்யுங்கள்.

தேவிபட்டினத்தில் நிற்கவில்லை. மதியச் சாப்பாடு அரியமான் கடற்கரையில், சவுக்குத் தோப்பு நிழலில். புளிசாதமும் துவையலும். கால் நனைக்க என்று போனவர்கள் முழங்கால் வரைக்கும் போய், அப்புறம் மொத்தமாக நனைந்து வந்தார்கள். கடலையே பார்த்ததில்லை என்று கை தூக்கிய அந்தப் பாட்டி மட்டும் ரொம்ப நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். என்ன பாட்டி, வரலையா என்று கேட்டதற்கு, "இருங்கடி, இது எங்க முடியுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது. அதன் மேல் வண்டியை நிறுத்தக்கூடாது. நிறையப் பேர் நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள், அது ஆபத்து. நாங்கள் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னோம். கீழே ரயில் பாலம் தெரியும். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்தில் கட்டிய புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பழைய பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றித்தான் நடுப்பகுதியைத் திறப்பார்கள், அது இரண்டு கையைத் தூக்குகிற மாதிரி திறக்கும். புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே போகிறது.

பாலம் தாண்டியதும் தெற்குக் கரையில் சின்னப்பாலம். இது பயணத் திட்டத்தில் வெறும் அரை மணி நேரம். ஒன்றே கால் மணி நேரம் ஆகிவிட்டது. இங்கே பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையோடு மூச்சடக்கி உள்ளே போகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பாசிக்குப் பெயர்கள். இதிலிருந்து எடுக்கிற பொருள்தான் ஐஸ்கிரீம் கட்டியாக நிற்கவும், துணியில் சாயம் அச்சடிக்கவும் போகிறது. நம்மில் யாருக்கும் தெரியாது.

கரையில் காயப்போட்டிருந்த பாசியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி, விலை யார் வைக்கிறார்கள் என்பது. வியாபாரிதான் என்றார்கள். கஷ்ட காலத்தில் முன்பணம் கொடுப்பார், அதனால் அவரிடம்தான் போடவேண்டும், அவர் சொன்னதுதான் விலை. "எங்க ஊர்ல ஆட்டு யாவாரியும் இப்படித்தான்" என்று நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் பேச்சு ஓடிய ஓட்டத்தில் டிரைவர் ஹார்ன் அடித்தது யார் காதிலும் விழவில்லை.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளை 1986-ல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. ஆகவே காவல் தேவைதான். ஆனால் அந்தக் காவல் வந்தபோது, பாட்டி காலத்திலிருந்து அதே தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்த பெண்களும் தடைக்குள் வந்துவிட்டார்கள். பூங்காவைக் காப்பாற்றுவதும் வேண்டும், இவர்களை உட்கார வைத்துப் பேசி முடிவு எடுப்பதும் வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பட்டது. ஏனென்றால் பாசி அழியாமல் இருக்க அந்தப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது. அடிவேரைப் பிடுங்காமல் மேலே மட்டும் கிள்ளுவது, அப்போதுதான் திரும்ப வளரும். மீன்பிடித் தடைக்காலத்திலும் கொஞ்ச நாள் விட்டுவிடுகிறார்கள். இப்படிப் பாசி எடுக்கிற சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-ல் சீகாலஜி என்ற வெளிநாட்டு அமைப்பு பரிசு கொடுத்தது.

நாங்கள் அவர்களிடம் நிறையக் கேட்டோம். அவர்கள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "எங்களுக்கு மாசத்துல 12 நாள் கடல் வேலை. உங்களுக்கு எத்தனை நாள் லீவு?" 24 பேரில் யாரிடமும் பதில் இல்லை. நூறுநாள் வேலை இல்லாத நாளைச் சொல்வதா, மாடு பால் வற்றிய நாளைச் சொல்வதா என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டோம். கடைசியில் ஒரு தங்கச்சி, "இன்னிக்கு ஒரு நாளுங்க அக்கா" என்றாள்.

அதை அவள் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பெயர் வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி அவள் வீட்டில் பெரிய சத்தம். "பொம்பளைக எல்லாம் சேந்துக்கிட்டு எதுக்குடி கடலு?" என்று கேட்டிருக்கிறார் வீட்டுக்காரர். நான்கு மணிக்கு வேன் வந்து நின்றபோது அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, இரண்டு வேளைக்குச் சோறாக்கி மூடி வைத்துவிட்டு வந்து ஏறினாள். இப்போதும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஆனால் மகள் தினமும் கேட்கிறாளாம், மூச்சு விடுகிற வேர் எப்படி இருந்துச்சு, வரைஞ்சு காட்டு என்று. அவளும் பென்சிலை எடுத்து வரைந்து காட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் கையெழுத்துப் போடத் தவிர வேறெதற்கும் பென்சில் பிடித்ததில்லை.

ராமேஸ்வரம் ஊரைத் தாண்டி தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய கடல்நீரில் பூநாரைக் கூட்டம் நின்றது. நீண்ட கால், வளைந்த மூக்கு, இறக்கையை விரித்தால் உள்ளே குங்கும நிறம். பனிக்காலத்தில் வந்து தங்கிவிட்டுப் போகிறவை. தமிழக அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் இடத்தைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்திருக்கிறது. சாலையிலிருந்தே பார்த்தோம். கிட்டப் போனால் பறந்துவிடும்.

தனுஷ்கோடி ஒரு காலத்தில் ரயில் நிலையம், தபாலாபீஸ், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, இங்கிருந்து கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்குள் நுழையும் முன்னேயே கடல் அதை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாம்பன் பாலமும் உடைந்தது, அதை 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு சொல்லிவிட்டது. தேவாலயத்தின் சுவர் நிற்கிறது. அந்தச் சுவரில் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் அத்தனை பேர் செத்த இடம் அது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

அப்படிச் சொன்ன இடத்தில் மீனவக் குடும்பங்கள் இன்றைக்கும் வாழ்கின்றன. குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் நம் ஆட்களுக்குப் பெரிய அதிசயம். இரண்டு பக்கமும் கடல். நடுவில் மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மொண்டு குடித்தோம், உப்பே இல்லை. மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. பேராசை பிடித்து ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் வைத்து இழுத்தாலோ கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். நம் பக்கம் 400 அடி, 500 அடி என்று போர் போட்டுக் கடனாளியானவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றவர்கள் அவர்கள்தான்.

அரிச்சல்முனைக்கு 4 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். 2017-ல் சாலை போட்ட பிறகு வண்டி கடைசி வரை போகிறது. இருட்டும் முன் எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நேரம் பார்த்துப் போகவேண்டும். அங்கே யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. இரண்டு கடலும் மோதுகிற இடம், நீரோட்டம் காலை வாரிவிடும்.

வடக்கே இருப்பது பாக் நீரிணை. அதைப் பெண் கடல் என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். பெண் கடல் அமைதியாக இருக்குமாம், ஆண் கடல் சீறுமாம். இதைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் எல்லோரும் வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். அன்றைக்குச் சீறிக்கொண்டிருந்தது பெண் கடல்தான். அலை வந்து சாலையோரக் கல்லில் அடித்துத் தெறித்தது. ஆண் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கருவாடு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். "வாடைக்காத்து காலத்துல இவ பொங்குவா. தென்மேல் காத்து வந்துச்சுன்னா அவன் பொங்குவான், இவ அடங்கிருவா. எந்தப் பக்கம் அடங்கியிருக்கோ அந்தப் பக்கம் வலையைத் தூக்கிட்டுப் போவோம்" என்றார். வேனில் திரும்பி வரும்போது ராமநாதபுரம் வரைக்கும் இதே பேச்சுதான். "வாடைக்காத்து எப்பம்மா வரும்?" என்று ஒருத்தர் கேட்க, "எங்க வீட்டுல மாமியார் வந்தா வரும்" என்று இன்னொருத்தர் சொல்ல, தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து சிரித்தார்கள்.

வீடு வந்து சேர ராத்திரி பத்தரை. எல்லோரையும் அவரவர் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். இதையும் தீர்மானத்திலேயே எழுதியிருந்தோம்.

மதியம் தீர்மானம் எடுக்கும்போது மூன்று விஷயத்தை யோசியுங்கள். வாரம் 10 ரூபாய் எல்லோராலும் முடியுமா, முடியாதவர்களுக்கு 5 ரூபாய் போட்டு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் என்று வைக்கலாமா? பயண நோட்டை ஊக்குநர் வைத்துக்கொள்வதா, வேறொரு உறுப்பினரிடம் கொடுப்பதா? சின்னப்பாலத்துப் பெண்கள் நம் குழு எப்படி உள்கடன் கொடுக்கிறது, வட்டி எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். வியாபாரி முன்பணத்திலிருந்து வெளியே வர அது அவர்களுக்கு உதவலாம். அவர்களில் நாலு பேரை நம் கூட்டத்துக்கு அழைத்தால் பஸ் செலவைக் கூட்டமைப்பு ஏற்குமா?

பாட்டியும் ஒரு கோரிக்கை கொடுத்திருக்கிறார். அடுத்த தடவை பெண் கடல் அடங்கியிருக்கிற மாதத்தில் போகவேண்டுமாம், அவருக்குக் குளிக்கணுமாம். அப்படியென்றால் ஆனி, ஆடி. அப்போது வெயில் கொளுத்தும், பூநாரை இருக்காது, விதைப்பு வேலை தொடங்கியிருக்காது. தேதியை நீங்கள்தான் சொல்லவேண்டும்.